நீர், துப்புரவேற்பாடு, தன்சுத்தம்: ஒரு மாவட்டத்தின் சேவைகளை மதிப்பிடல் (கண்டி மாவட்டம்)

"உமது பிரதேசத்தின் குடிநீர் வசதியை விவரிக்குக" என வினவப்படும்போது, "எமது பிரதேசத்தில் குழாய்நீர் வசதி உண்டு" என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் பலர். அவ்விடை பிழையன்று, ஆனால் போதுமானதும் அன்று. குழாய் என்பது ஒரு பொருள். அதில் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் நீர் வருகின்றது, வரும் நீர் அருந்தத் தகுந்ததா, வரட்சியான மாதங்களிலும் வருகின்றதா, எத்தனை குடும்பங்கள் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன என்பவையே சேவையைக் காட்டுவன. பொருளை எண்ணுவது இலகு. சேவையை அளப்பது சற்றுக் கடினம். மாவட்டமொன்றுக்குத் திட்டமிடுவோருக்குத் தேவைப்படுவது இரண்டாவதே.

கண்டி நகரையும் அதனைச் சூழவுள்ள பிரதேசங்களையும் உதாரணமாகக் கொண்டு இம்மதிப்பீடு செய்யப்படும் முறையை இங்கு நோக்குவோம். புவியியல், சுகாதாரமும் உடற்கல்வியும், குடியுரிமைக் கல்வி ஆகிய மூன்று பாடங்களுக்கும் இவ்விடயம் பயன்படும்.

மதிப்பிடப்படுவன எவை?

நீர் வழங்கல் என்பது குடித்தல், சமைத்தல், குளித்தல், கழுவுதல் ஆகிய வீட்டுத் தேவைகளுக்கான நீர் கிடைக்கும் ஒழுங்கைக் குறிக்கும். துப்புரவேற்பாடு என்பது மனித மலசலம் மனிதரைத் தொடாதவாறு வேறாக்கப்பட்டு, சேர்க்கப்பட்டு, அகற்றப்பட்டு, பரிகரிக்கப்படும் வரையிலான முழு ஒழுங்காகும். மலசலகூடம் அதன் முதற்படி மட்டுமே என்பதை மனங்கொள்க. தன்சுத்தம் என்பதில் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், உணவைச் சுத்தமாகக் கையாளுதல், மாதவிடாய்க் காலச் சுத்தம் ஆகியன அடங்கும்.

இம்மூன்றும் ஏன் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன? நல்ல மலசலகூடம் இருந்தும் நீரில்லையெனில் அது சில நாட்களிலேயே பயன்படுத்த முடியாததாகிவிடும். நல்ல நீரூற்று இருந்தும் அதற்கு மேலேயுள்ள சரிவில் மலக்குழி இருப்பின் அந்நீர் நோயைக் கொண்டுவரும். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், ஈரல் அழற்சி ஏ, குடற்புழுத் தொற்று ஆகிய யாவும் மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் பாதைகளினூடாகவே பரவுகின்றன. அப்பாதைகளில் ஒன்றை மட்டும் அடைத்துப் பயனில்லை.

2010 ஜூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரையும் துப்புரவேற்பாட்டையும் மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. 2015இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 6ஆவது இலக்கு, 2030இல் இவை அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றது. இதில் "அனைவருக்கும்" என்ற சொல்லே முக்கியமானது. அச்சொல்லை நிறைவேற்ற வேண்டுமாயின், கிடைக்காதோர் எங்கே இருக்கின்றனர் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டி மாவட்டத்தின் அமைப்பு

கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகளும் 1,180க்கும் மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. 2012ஆம் ஆண்டின் குடிசன வீட்டுவசதிக் கணக்கெடுப்பின்படி சனத்தொகை ஏறத்தாழ 13 இலட்சத்து 75 ஆயிரம். ஒரு மாநகர சபையும் (கண்டி), கம்பளை, நாவலப்பிட்டி, வத்தேகம, கடுகண்ணாவை என நான்கு நகர சபைகளும், ஏனைய பகுதிகளுக்குப் பிரதேச சபைகளும் உண்டு. நகரம், கிராமம், பெருந்தோட்டம் ஆகிய மூன்று துறைகளும் ஒரே மாவட்டத்தில், சில இடங்களில் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. நகருக்கு மேலே ஹந்தானை மலையில் ஏறினால் இதனைக் கண்ணால் காணலாம்.

கண்டி நகரின் நீர் எங்கிருந்து வருகின்றது? நாட்டின் பெரும்பாலான நகரங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையே நீரை வழங்குகின்றது. ஆனால் கண்டி மாநகர சபை தனக்கெனத் தனியான நீர் வழங்கலை நடத்தி வருகின்றது. துனுமடலாவ காட்டிலுள்ள பழைய நீர்த்தேக்கங்களும் மகாவலி கங்கையும் அதன் மூலங்களாகும். நகரைச் சூழவுள்ள பகுதிகளுக்குத் தேசிய சபை கட்டுகஸ்தோட்டை, மீவத்துற ஆகிய இடங்களில் மகாவலி நீரைச் சுத்திகரித்து வழங்குகின்றது. இவற்றுக்கு அப்பாலுள்ள பல கிராமங்களில் மக்களே சங்கம் அமைத்து நடத்தும் சமூக நீர் வழங்கல் திட்டங்கள் உள்ளன. இத்தகைய திட்டங்களுக்கு உதவுவதற்காகவே 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவாக்கப்பட்டது. தோட்டங்களிலோ நீர் வழங்கும் பொறுப்பு நீண்ட காலமாகத் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்து வந்துள்ளது.

ஆகவே மதிப்பீட்டாளர் ஒரே அலுவலகத்தில் முழு மாவட்டத்துக்குமான தரவுகளையும் பெற முடியாது. மாநகர சபையிடம் ஒன்று, நீர் வழங்கல் சபையிடம் ஒன்று, சங்கங்களிடம் வேறொன்று எனப் பெற்றுச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஒருவரது பட்டியலிலும் இல்லாத குடும்பங்கள் விடுபட்டுப் போகும். அக்குடும்பங்களே பெரும்பாலும் மிகுந்த தேவையுடையவை. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

தரவு மூலங்கள்

முதலாவது மூலம் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடிசன வீட்டுவசதிக் கணக்கெடுப்பு. 2012இற்குப் பின்னர் அடுத்த கணக்கெடுப்பு 2024இன் இறுதியில் நடைபெற்றது. வீட்டுக்குள் குழாய், வளவுக்குள் குழாய், வளவுக்கு வெளியே குழாய், பாதுகாக்கப்பட்ட கிணறு, பாதுகாப்பற்ற கிணறு, கிராமிய நீர் வழங்கல் திட்டம், குழாய்க் கிணறு, பௌசர், ஆறு அல்லது ஓடை என்றவாறு குடிநீர் மூலங்கள் 2012இல் வகைப்படுத்தப்பட்டன. மலசலகூடமும் தனியானதா, பகிரப்படுவதா, நீர்முத்திரை உடையதா எனக் கேட்கப்பட்டது.

இதன் பலம், எல்லாக் குடும்பங்களையும் உள்ளடக்குவதாகும். பலவீனமும் உண்டு. பத்தாண்டுக்கு ஒரு முறையே நடைபெறும். மேலும், "குழாய்" என்ற ஒரே சொல்லுக்குள் குளோரீன் இடப்பட்ட நகர நீரும் அடங்கும்; மலையுச்சி ஊற்றிலிருந்து பிளாஸ்ரிக் குழாயில் நேராக இறக்கப்படும் சுத்திகரிக்கப்படாத நீரும் அடங்கும். இரண்டும் ஒரே நிரலில் ஒரே எண்ணாகவே பதிவாகும்.

இரண்டாவது மூலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பதிவுகள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஒவ்வொன்றிலும் இவர்கள் கடமையாற்றுகின்றனர். (இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்டது. இவ்வாண்டு பரீட்சைக்கு உதவும்.) கிணறுகள், மலசலகூடங்கள், உணவகங்கள், பாடசாலைகள் ஆகியவற்றைப் பரிசோதிப்பதும், குளோரீன் அளவைச் சோதிப்பதும், நீர் மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவதும், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களை வீடு வீடாகச் சென்று விசாரிப்பதும் அவர்களது பணிகளுட் சில.

மூன்றாவது மூலம் நேரடியான கள ஆய்வு. இதற்கு ஈடான வேறு மூலம் இல்லை என்றே கூற வேண்டும். ஏனெனில் முதலிரண்டும் கேட்டதற்கு மட்டுமே பதில் தரும்.

சேவைப் படிநிலைகள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் இணைந்து நடத்தும் கண்காணிப்பு நிகழ்ச்சித்திட்டம், சேவையை ஓர் ஏணியின் படிகளாகக் காட்டுகின்றது. குடிநீரைப் பொறுத்தவரை அடிப்படியில் ஆறு, ஓடை ஆகியவற்றிலிருந்து நேரடியாக அள்ளும் நீர். அதற்கு மேல், பாதுகாப்பற்ற கிணறு அல்லது ஊற்று. குழாய், பாதுகாக்கப்பட்ட கிணறு, பாதுகாக்கப்பட்ட ஊற்று முதலிய மேம்படுத்தப்பட்ட மூலம் இருப்பினும், போய்வரவும் வரிசையில் நிற்கவும் மொத்தமாக 30 நிமிடத்துக்கு மேற்பட்டால் அது "வரையறுக்கப்பட்ட சேவை". 30 நிமிடத்துக்குள் எனில் "அடிப்படைச் சேவை". நீர் வளவுக்குள்ளேயே, தேவையான வேளையில், மலத்தாலும் முக்கிய இரசாயனங்களாலும் மாசடையாததாகக் கிடைத்தாலே "பாதுகாப்பாக முகாமை செய்யப்பட்ட சேவை" என்ற மேற்படியை அடையலாம்.

மலசலகூடத்துக்கும் இவ்வாறே ஓர் ஏணி உண்டு. அதில் முக்கியமானது: நல்ல மலசலகூடமாயினும் அதனை வேறு குடும்பங்களுடன் பகிர நேர்ந்தால் அது வரையறுக்கப்பட்ட சேவையே. கை கழுவும் வசதியில் நீரும் சவர்க்காரமும் இரண்டும் இருந்தாலே அடிப்படைச் சேவை; ஒன்று மட்டும் இருந்தால் வரையறுக்கப்பட்டது.

30 நிமிடக் கணக்கில் மாணவர் தவறும் இடம் ஒன்றுண்டு. பீலி நூறு மீற்றர் தூரத்திலேயே இருக்கின்றது, ஆகவே அடிப்படைச் சேவை என எழுதிவிடுவர். போக 3 நிமிடம், வர 4 நிமிடம், ஆனால் குடம் வரிசையில் காத்திருந்தது 28 நிமிடம் எனில் மொத்தம் 35 நிமிடம். அது வரையறுக்கப்பட்ட சேவை. காலைப் பெரட்டுக்கு முன்னர் நீர் பிடிக்க வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கு அந்த 28 நிமிடம் என்னவென்பதை வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளப்பவர் அறிய முடியாது.

பீலியை அளத்தல்: ஒரு கணிப்பு

மலையகத்தில் பீலி என்பது அனைவரும் அறிந்தது. ஊற்றுநீர் விழும் அவ்விடத்தின் கொள்ளளவை அளக்க 10 லீற்றர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். பின்வரும் எண்கள் பயிற்சிக்காகத் தரப்பட்டவை.

லயன் தொடரொன்றில் 120 பேர் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் பீலியில் 10 லீற்றர் வாளி 50 செக்கனில் நிரம்புகின்றது. எனவே நிமிடத்துக்கு 12 லீற்றர். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் ஆதலால், 12 × 1,440 = 17,280 லீற்றர். இதனை 120ஆல் வகுத்தால் ஒருவருக்கு 144 லீற்றர். அருந்துவதற்கும் சமைப்பதற்கும் குளிப்பதற்கும் கழுவுவதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் வேண்டுமெனக் கொண்டால், இப்பீலி தாராளமாகப் போதும் போலத் தோன்றும்.

ஆயினும் இரவு முழுவதும் விழும் நீரை யார் பிடிப்பர்? மக்கள் நீர் பிடிப்பது காலை இரண்டு மணித்தியாலம் மட்டுமே எனில், கிடைப்பது 12 × 120 = 1,440 லீற்றர். ஒருவருக்கு 12 லீற்றர். மீதி ஓடையில் போய்விடுகின்றது. இங்கு தேவைப்படுவது புதிய நீர் மூலமன்று, ஒரு தாங்கி.

வரட்சிக் காலத்தில் அதே வாளி நிரம்ப 200 செக்கன் ஆகின்றது. நிமிடத்துக்கு 3 லீற்றர். நாளொன்றுக்கு 4,320 லீற்றர். முழுவதையும் தாங்கியில் சேர்த்தாலும் ஒருவருக்கு 36 லீற்றரே. அப்போது தாங்கி மட்டும் போதாது. இரண்டாவது மூலமும் வேண்டும், அல்லது பக்கத்துத் திட்டத்தின் குழாயை நீட்ட வேண்டும். ஒரு வாளியும் இரண்டு பருவங்களும் திட்டத்தின் செலவையே மாற்றிவிடுவதை அவதானிக்குக.

எக்காலத்தில் அளப்பது?

மேலுள்ள கணிப்பிலிருந்து, மிகக் குறைந்த நீர் கிடைக்கும் காலத்திலேயே அளக்க வேண்டும் என்பது தெளிவு. ஆனால் கண்டி மாவட்டம் முழுவதற்கும் அக்காலம் ஒன்றன்று. நாவலப்பிட்டி, கம்பளை முதலிய மேற்கு, தென்மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவக்காற்றால் மே முதல் செப்ரெம்பர் வரை நல்ல மழை பெறுகின்றன. அங்கு ஜனவரி முதல் மார்ச் வரையே வரட்சி. மலைத்தொடரின் மறுபக்கத்திலுள்ள உடுதும்பறை, மினிப்பே பகுதிகளோ வடகீழ்ப் பருவக்காற்றை நம்பியவை. நாவலப்பிட்டியில் மழை கொட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மினிப்பே காய்ந்து கிடக்கும். முழு மாவட்டத்தையும் ஒரே மாதத்தில் ஆய்வு செய்து முடித்தால் ஒரு பக்கத்தின் உண்மை நிலை மறைந்துவிடும். புவியியலில் பருவக்காற்றுப் பாடத்தைப் படித்தவருக்கு இது எழுத எளிய, நல்ல புள்ளி தரும் குறிப்பு.

வரட்சியைப் போலவே அனர்த்தமும் கவனிக்கப்பட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவுகளாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆற்றோரத்தில் நீர் எடுக்கும் நிலையமும், சரிவின் குறுக்கே செல்லும் குழாயும், சரிவின் கீழுள்ள மலக்குழியும் இத்தகைய வேளையில் என்னவாகும் என்ற வினாவும் மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற வேண்டியதே.

நீரின் தரம்: கம்பளை தரும் பாடம்

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கம்பளைப் பிரதேசத்தில் ஈரல் அழற்சி ஏ நோய் பெருமளவில் பரவியது. கண் மஞ்சளாதல், காய்ச்சல், வாந்தி, களைப்பு ஆகியன இதன் அறிகுறிகள். குடிநீர் மாசடைந்தமையே பரவலுக்குக் காரணமாகக் கருதப்பட்டது. வீட்டில் குழாய் உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" எனப் பதிலளிக்கும் குடும்பத்தையும் இந்நோய் பிடிக்கலாம். புள்ளிவிபர அட்டவணையில் அக்குடும்பத்தின் நிலை நன்றாகவே இருக்கும்.

ஆகவே தரத்தைச் சோதனையாலேயே அறிய முடியும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை பற்றீரியா ஒன்றேனும் இருத்தலாகாது. குளோரீன் இடப்பட்ட நீராயின், பாவனையாளரின் குழாயை அடையும்போதும் லீற்றருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரீன் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும் சோதித்துப் பயனில்லை. குழாய் வழியின் கடைசி வீட்டில் சோதிக்க வேண்டும். குழாயில் அமுக்கம் குறையும் வேளையில் வெடிப்புகளினூடாக வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே இழுக்கப்படலாம். விட்டு விட்டு நீர் வழங்கும் இடங்களில் இவ்வாபத்து அதிகம். நீர் "எத்தனை மணித்தியாலம் வருகின்றது" என்ற வினா வசதியைப் பற்றியது மட்டுமன்று, தரத்தையும் பற்றியது என்பதற்கு இதுவே காரணம்.

நோயாளர் வாழும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பதும் மதிப்பீட்டின் ஒரு கருவி. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் சினோ என்ற வைத்தியர், இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியைச் சுற்றியே செறிந்திருந்தன. பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. பரிசோதகரிடமுள்ள நோயறிக்கைகளையும் நீர் மூலங்களின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான்.

மலசலம் எங்கே போகின்றது?

கண்டி நகரம் மலைகளால் சூழப்பட்ட ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்தது. கட்டடங்கள் நெருக்கமானவை. அழுகற்தாங்கியும் ஊறுகுழியும் அமைக்கப் போதிய நிலம் பலருக்கில்லை. கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு நகரினூடாகச் சென்று மகாவலியில் கலக்கும் மெத எல, நீண்ட காலமாக நகரின் கழிவுநீரைச் சுமந்து சென்றது. வடக்கே அக்குறணை நகரினூடாகப் பாயும் பிங்கா ஓயாவும் குடியிருப்புகள், கடைகள் ஆகியவற்றின் கழிவுகளை ஏற்று மகாவலியை அடைகின்றது. அக்குறணைக் கடைவீதியை அது அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கடிப்பதையும் அறிவீர்கள். கோஹாகொட குப்பைமேடும் மகாவலியை அண்டியே உள்ளது. 1976இல் நிறைவடைந்த பொல்கொல்லை அணைக்கட்டினால் மகாவலியின் ஓட்டம் அப்பகுதியில் மந்தமாகியுள்ளது. இதே ஆற்று நீரையே மாவட்ட மக்களில் பெருந்தொகையினர் சுத்திகரித்துக் குடிக்கின்றனர்.

இதற்குப் பரிகாரமாக 2010இல் யப்பானின் கடனுதவி பெறப்பட்டு, கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. கன்னொறுவையில் அமைந்த பரிகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர் கழிவுநீரைப் பரிகரிக்கத்தக்கதாகத் திட்டமிடப்பட்டது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் குழாய் வலையமைப்பு நகர மையப் பகுதிகளுக்கே உரியது. மாவட்டத்தின் ஏனைய பகுதிகள் அழுகற்தாங்கியையும் குழியையுமே நம்பியுள்ளன.

எனவே துப்புரவேற்பாட்டை மதிப்பிடுபவர் மலசலகூடக் கதவுடன் நின்றுவிடக் கூடாது. குழி நிரம்பினால் என்ன செய்வீர்கள்? மலக்கழிவை உறிஞ்சும் பௌசர் வண்டி உங்கள் வீதியில் ஏறுமா? அது கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றது? இவ்வினாக்களைக் கேட்க வேண்டும். செங்குத்தான ஒழுங்கைகளில் வண்டி ஏறாது. குழி நிரம்பியதும் மேலதிக நீர் வடிகானுக்குத் திருப்பிவிடப்படும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர் (50 அடி) இடைவெளி வேண்டும் எனப் பொதுவாகக் கூறப்படும். சரிவு நிலத்தில் இத்தூரம் மட்டும் போதாது. குழி கிணற்றுக்கு மேற்புறத்தில் உள்ளதா, கீழ்ப்புறத்தில் உள்ளதா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

சராசரி மறைப்பது

பயிற்சிக்காக ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவைக் கற்பனை செய்வோம். அங்கு 400 குடும்பங்கள். கடைவீதியில் 120, கிராமத்தில் 200, தோட்ட லயன்களில் 80. அடிப்படைக் குடிநீர்ச் சேவை பெறுவோர் முறையே 120, 190, 20. மொத்தம் 330. அதாவது 82.5 சதவீதம். மாவட்டக் கூட்டத்தில் இவ்வெண் வாசிக்கப்பட்டால், "பரவாயில்லை, நல்ல நிலை" என்று அடுத்த பிரிவுக்குச் சென்றுவிடுவர்.

பிரித்துப் பார்த்தால் கடைவீதியில் 100 சதவீதம், கிராமத்தில் 95 சதவீதம், லயன்களில் 25 சதவீதம். சேவை பெறாத 70 குடும்பங்களில் 60 குடும்பங்கள் ஒரே இடத்தில் உள்ளன. இது திட்டமிடுவோருக்கு ஒரு வகையில் நல்ல செய்தியும் கூட. சிதறிய எழுபது வீடுகளைத் தேடியலைய வேண்டியதில்லை, ஒரு திட்டமே பெரும்பகுதியைத் தீர்க்கும். ஆனால் பிரித்துப் பார்த்தவருக்கே அச்செய்தி கிடைக்கும்.

லயன்கள் ஏன் பின்தங்கின என்பதற்கு வரலாறு உண்டு. தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கியது தொட்டு, தொழிலாளரின் வீடு, நீர், மலசலகூடம் யாவும் தோட்டத்தின் விடயங்களாகவே கருதப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் தொடராகக் கட்டப்பட்டன. நீரும் மலசலகூடமும் பொதுவாயின. 1992இல் பல தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களும் கண்டி மாவட்டத்தில் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்டு வந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தனர்; ஆனால் அச்சபையிடம் ஒரு வடிகானைக் கேட்டுப் பெறுவது அவர்களுக்கு அரிதாயிற்று. 2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் பிரதேச சபைகள் சேவை வழங்க வழி திறந்தது. குடியுரிமைக் கல்வியில் உள்ளூராட்சி பற்றிய வினாவுக்கு இது மிகப் பொருத்தமான உதாரணம்.

சட்டம் வழிவிட்டாலும், எந்த லயனுக்கு முதலில் என்பதைத் தீர்மானிக்கத் தரவு வேண்டும். தரவில்லாத இடத்தில் குரல் உயர்ந்தவருக்கே குழாய் போகும்.

பாடசாலையை மதிப்பிடல்: மாதிரி வினா

வினா: ஒரு பாடசாலையில் மாணவியர் 150 பேர், மாணவர் 150 பேர். மாணவியருக்கு 6 மலசலகூடங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு எப்போதும் பூட்டப்பட்டுள்ளன. ஒன்றின் கதவு உடைந்துள்ளது. கை கழுவும் தொட்டியில் 4 குழாய்கள் உள்ளன, எல்லாவற்றிலும் நீர் வருகின்றது, சவர்க்காரம் இல்லை. (அ) மாணவியருக்கான மலசலகூட வசதி போதுமானதா? (ஆ) கை கழுவும் வசதி எப்படிநிலைக்குரியது? (இ) இப்பாடசாலை தொடர்பாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் நீர் குறிப்பிடும் இரண்டு தேவைகளை முன்னுரிமைப்படி எழுதுக.

விடை: (அ) 25 மாணவியருக்கு ஒன்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நியமப்படி 150 பேருக்கு 6 மலசலகூடங்கள் தேவை. எண்ணிக்கைப்படி 6 உள்ளன. ஆயினும் பயன்படுத்தத்தக்கது எனக் கொள்ள அது திறந்திருக்க வேண்டும், இயங்க வேண்டும், உள்ளிருந்து தாழிடத்தக்க கதவு உடையதாக இருக்க வேண்டும். அவ்வாறு பார்த்தால் உள்ளவை 3 மட்டுமே. 50 மாணவியருக்கு ஒன்று. எனவே போதாது. ("6 உள்ளன, ஆகவே போதும்" என எழுதியோருக்கு இப்பகுதியில் புள்ளியில்லை.) (ஆ) நீர் உண்டு, சவர்க்காரம் இல்லை. ஆகவே வரையறுக்கப்பட்ட சேவை. 4 குழாய்கள் அல்ல, 40 குழாய்கள் இருப்பினும் படிநிலை மாறாது. (இ) முதலாவது, பூட்டிய இரண்டையும் திறந்து சுத்தம் செய்ய ஒருவரை ஒழுங்குசெய்தலும், உடைந்த கதவைத் தாழ்ப்பாளுடன் திருத்துதலும். மாதவிடாய்க் காலத்தில் மாணவியர் பாடசாலைக்கு வராதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பதையும், மலசலகூடத்தினுள் நீரும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுக. இரண்டாவது, சவர்க்காரம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மாதாந்தம் எத்தனை கட்டி தேவை, அதனை யார் வாங்குவது, யார் பொறுப்பில் வைப்பது என்பதை எழுதினால் போதும்.